சோறு 380 கிராம், பொரியல் 40 கிராம்: நார்ச்சத்துக்கு எங்க போறது?

ஈசூன்_வாசி
ஞாயிறு, காலை 9.20

போன வாரம் ரத்தப் பரிசோதனை முடிவு வந்துச்சு. வெறும் வயித்துல சர்க்கரை 6.4 மில்லிமோல். "இனிப்புநீர் (நீரிழிவு) இன்னும் உள்ள வரல, வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு இருக்கு"ன்னார் டாக்டர். கொலஸ்ட்ராலும் கொஞ்சம் கூட. எனக்கு 46 வயசு. "நார்ச்சத்து சேர்த்துக்குங்க"ன்னு ஒரே வரி. எழுந்து கதவைத் தொடறதுக்குள்ள அடுத்த நம்பரைக் கூப்பிட்டாச்சு.

நேரா போய் ஒரு டப்பா இசப்கோல், அதான் அந்த நார்ச்சத்துப் பவுடர், வாங்கினேன். மறுநாள் காலைல ரெண்டு பெரிய கரண்டி, அரை டம்ளர் தண்ணி, மடக்குனு முழுங்கிட்டு ரயில் ஏறினேன். அங் மோ கியோ தாண்டறதுக்குள்ள வயிறு தவில் மாதிரி ஆயிடுச்சு. பிஷான்ல இறங்கி உட்கார்ந்தவன் அரை மணி நேரம் எழுந்திரிக்கல.

நேத்து மதியம், வீட்டுல கேக் செய்ய வச்சிருக்கிற தராசை எடுத்து என் தட்டை நிறுத்துப் பார்த்தேன். சோறு 380 கிராம். முட்டைக்கோஸ் பொரியல் 40 கிராம், அதாவது ரெண்டு ஸ்பூன். சாம்பார் ரெண்டு கரண்டி, அதுல முருங்கைக்காய் ரெண்டு துண்டு. அப்புறம் ஒரு மீன் வறுவல். வெள்ளைச் சோத்துல 100 கிராமுக்கு அரை கிராம் நார்கூட இல்லையாம். மீனுல சுத்தமா கிடையாது. எல்லாம் சேர்த்து நாலு, நாலரை கிராம் தேறினா பெருசு. நம்ம சிங்கப்பூர் சுகாதார மேம்பாட்டு வாரியம் ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு 26, பொம்பளைக்கு 20 கிராம்னு சொல்லுது.

சிவப்பரிசிக்கு மாறணுமா, பவுடரே போதுமா? இது நெஜமாவே நோயைத் தடுக்குமா, இல்ல காலைக்கடனோட முடியற விஷயமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


காப்பிஓ_கோசோங்
ஞாயிறு, காலை 9.41

தவில் மட்டும்தானே அண்ணே? நாகஸ்வரமும் சேர்ந்திருந்தா அந்தப் பெட்டியே காலியாகியிருக்கும் லா.


கீரைக்கட்டு
ஞாயிறு, காலை 11.05

மருத்துவமனையில் உணவியல் பிரிவில் வேலை செய்கிறேன். உங்கள் தட்டைப் பார்க்காமல் பொதுவாகத்தான் சொல்ல முடியும்.

முதலில் தவில். இசப்கோல் தண்ணீரை உறிஞ்சி ஊதும் பொருள். அரை டம்ளர் போதாது, பெரிய டம்ளர் நிறைய வேண்டும், மேலே இன்னொரு டம்ளரும் குடித்தால் நல்லது. ஒரு சின்னக் கரண்டியில் ஆரம்பித்து வாரக்கணக்கில் கூட்டணும். நாலு கிராமுக்குப் பழகின குடலில் ஒரே நாளில் மூட்டையை இறக்கினால் அது சத்தம் போடத்தான் செய்யும். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைக் கூடவே விழுங்கினால் மருந்து சரியாக உடம்பில் சேராது. எவ்வளவு நேரம் தள்ளிச் சாப்பிடுவது என்று மருந்தாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொலஸ்ட்ராலுக்கு இசப்கோல் உதவுவது உண்மை. ஓட்ஸும் அப்படித்தான். இரண்டும் குடலுக்குள் கூழ் போல ஆகிப் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். கல்லீரல் புதுப் பித்தம் செய்ய ரத்தத்தில் இருக்கும் கெட்ட கொழுப்பை இழுத்துக்கொள்ளும். அதே கூழ் சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகத்தையும் குறைக்கும். ஆனால் பெருங்குடல் கிருமிகளுக்கு இசப்கோல் அவ்வளவாக இரையாவதில்லை. பருப்பு, பயறு, காய், முழுத்தானியம் இவற்றின் நாரைத்தான் அவை புளிக்க வைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தைத் தருகின்றன. பெருங்குடலின் உள்சுவர் உயிரணுக்களுக்கு முக்கிய எரிபொருள் அதுதான். அதனால் பவுடரை நான் மருந்துக் கணக்கில்தான் வைப்பேன், சாப்பாட்டுக் கணக்கில் இல்லை.

வாரியம் 2014இல் கொண்டுவந்த தட்டுப் படத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பாதித் தட்டு காயும் பழமும், கால் முழுத்தானியம், கால் மீன், இறைச்சி, பருப்பு. ஈசூன் அண்ணன் தட்டில் அந்தப் பாதி இரண்டு ஸ்பூனாகச் சுருங்கிவிட்டது. சிவப்பரிசிக்கு மாறினால் 100 கிராம் சோற்றுக்கு 2 கிராம் நார்கூட முழுதாகக் கிடைக்காது. அதே 100 கிராம் வேகவைத்த கொண்டைக்கடலையில் 7 கிராமுக்கு மேல். நானாக இருந்தால் அரிசியின் நிறத்தைப் பற்றி அப்புறம் கவலைப்படுவேன், முதலில் சுண்டல்.


பழைய_சிராங்கூன்
ஞாயிறு, மதியம் 2.30

நம் முன்னோர் புழுங்கலரிசி உண்டு திடமாக வாழ்ந்தார்கள். மலாயாத் தோட்டங்களில் சீனத் தொழிலாளர்களுக்கு பெரிபெரி வந்து கால் வீங்கி மாண்டபோது தமிழர்களைப் பெரும்பாலும் அது தொடவில்லை. வரலாறு. தராசும் பவுடரும் அந்தக் காலத்தில் ஏது?


கீரைக்கட்டு
ஞாயிறு, மதியம் 3.12

ஐயா, வரலாறு சரிதான். பிராடன் என்ற மருத்துவர் 1907இல் புத்தகமே எழுதினார். சீனத் தொழிலாளர்கள் தீட்டிய பச்சரிசி சாப்பிட்டார்கள், நம்மவர்கள் புழுங்கல். ஆனால் பெரிபெரி வைட்டமின் பி1 குறைவால் வரும் நோய், நார்க் கதை இல்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடும், பிறகு தீட்டினாலும் கொஞ்சம் தங்கும். நார் அப்படி இறங்காது. தவிடு போனால் நாரும் போச்சு. இன்று பையில் வாங்கும் வெள்ளைப் புழுங்கலரிசியில் நாருக்காக நம்ப ஒன்றுமில்லை.

இன்னொன்று, முன்னோர் அந்தச் சோற்றைத் தின்றுவிட்டு நாள் முழுக்க ரப்பர் மரத்தில் பால் எடுத்தார்கள்.


சந்தேகி
ஞாயிறு, இரவு 10.48

எல்லாரும் பக்திப் பரவசத்துல இருக்கீங்க, கொஞ்சம் குறுக்க வர்றேன்.

நார் புற்றுநோயைத் தடுக்கும்னு நாங்க சின்ன வயசுலேர்ந்து கேட்டாச்சு. 1999ல அமெரிக்காவுல 88,757 தாதியரை 16 வருஷம் கவனிச்ச ஆய்வு வெளிவந்துச்சு. நார் அதிகம் சாப்பிட்டவங்களுக்கும் கம்மியா சாப்பிட்டவங்களுக்கும் பெருங்குடல் புற்றுல வித்தியாசமே இல்ல. 2000ல ரெண்டு பரிசோதனை. குடல்ல வந்த சின்னக் கட்டிகளை எடுத்தவங்கள்ல ஒரு பாதிக்கு நார் நிறைஞ்ச சாப்பாடு, இன்னொண்ணுல கோதுமைத் தவிடு. கட்டி திரும்ப வர்றது ரெண்டுலயும் குறையல.

அரிசியும் அப்படித்தான். தினம் ஒரு தட்டு வெள்ளைச் சோறு கூடினா நீரிழிவு அபாயம் 11 சதவீதம் ஏறும்னு 2016ல இங்க பேப்பர்லயெல்லாம் வந்துச்சு. 2012 ஆய்வுத் தொகுப்புலேர்ந்து எடுத்தது. அப்புறம் நம்ம ஊரிலேயே 45,000 சீனர்களைத் தொடர்ந்து பார்த்து 2019ல வெளியிட்டாங்க. சோறு அதிகம் சாப்பிட்டதால பெரிய வித்தியாசம் தெரியல! சோத்தைக் குறைச்சு அந்த இடத்துல என்ன வைக்கிறோம்கறதுலதான் விஷயமாம். இறைச்சியோ நூடல்ஸோ வச்சா அபாயம் ஏறுது, முழுக்கோதுமை ரொட்டி வச்சா இறங்குது.


ஈசூன்_வாசி
ஞாயிறு, இரவு 11.02

ஐயோ. நான் இன்னைக்கு ராத்திரிதான் சோத்துக்குப் பதிலா மீ கோரிங், அதான் வறுத்த நூடல்ஸ், சாப்பிட்டேன்.


வார்டு_ஏழு
திங்கள், காலை 6.15

பணி ஓய்வு பெற்ற தாதி நான். தூக்கம் வராது, அதனால் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நார்க் கதையை உலகத்துக்குப் பரப்பியவர் டெனிஸ் பர்கிட் என்ற ஐரிஷ் அறுவை மருத்துவர். உகாண்டாவில் வருடக்கணக்கில் வேலை பார்த்தவர். குழந்தைகளுக்குத் தாடையில் வரும் ஒருவகைப் புற்றுக்கு அவர் பெயர்தான். இங்கிலாந்தில் தினமும் பார்க்கும் நோய்கள் ஆப்பிரிக்கக் கிராமங்களில் ஏன் இல்லை என்று யோசித்தவர், மலத்தை நிறுத்துப் பார்த்தார். ஆமாம், தராசு வைத்துத்தான், ஈசூன் தம்பி மாதிரியே. 1972இல் வெளியிட்ட கணக்குப்படி உகாண்டாக் கிராமத்தாருக்கு ஒரு நாளைக்கு 400 கிராமுக்கு மேல், ஒன்றரை நாளில் வெளியே வந்துவிடும். பிரிட்டிஷ் கடற்படை ஆட்களுக்கு 100 கிராம் சொச்சம், மூன்று நாளுக்கு மேல் குடலிலேயே கிடக்கும். அவர் எல்லா நோயையும் நாரின் தலையில் கட்டினார் என்று பிற்பாடு திட்டினார்கள். அதிலும் நியாயம் உண்டு.

இப்போது என் வீட்டுக் கதை. என் அண்ணனுக்கு 58 வயதில் மலத்தில் ரத்தம். மூலம் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். கருணைக்கிழங்கு மசியல், துத்திக்கீரை, இசப்கோல், நடுநடுவே பழைய சோறு. ஏழெட்டு மாதம். என்னிடம்கூடச் சொல்லவில்லை, தாதியாக இருந்த தங்கையிடம்! உள்ளே குழாய் விட்டுப் பார்த்தபோது மூன்றாம் கட்டம். இப்போது இருக்கிறார், வயிற்றில் பையோடு. அவர் வீட்டு அலமாரியை ஒழித்தபோது மலப் பரிசோதனைப் பெட்டி ஒன்று கிடைத்தது. 50 வயதானவர்களுக்குப் புற்றுநோய்ச் சங்கம் இலவசமாகத் தருகிறதே, அதுதான். உறையைக்கூடப் பிரிக்கவில்லை. மேலே பழைய மின்கட்டண ரசீதுகள்.

கீரை நல்லதுதான். ரத்தம் வந்தால் கீரை தேடாதீர்கள்.


காப்பிஓ_கோசோங்
திங்கள், காலை 7.50

அக்கா. என் வீட்டுலயும் அந்தப் பெட்டி இருக்கு. அப்பாவோடது. இன்னைக்கு ராத்திரி எடுத்து வைக்கிறேன்.


கீரைக்கட்டு
திங்கள், இரவு 8.35

சந்தேகி சொன்ன மூன்று ஆய்வுகளும் உண்மை. பலர் இவற்றை மறைத்துவிட்டுப் பேசுவார்கள், எனக்கு அது பிடிக்காது. ஆனால் கதை 2000இல் முடியவில்லை.

பெருங்குடல் புற்று வளர பத்து வருடம், அதற்கு மேலும் ஆகும். கட்டிப் பரிசோதனைகள் மூன்று நான்கு வருடத்தில் முடிந்தவை. 2003இல் பத்து ஐரோப்பிய நாடுகளில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பார்த்த ஆய்வு வந்தது. நாட்டுக்கு நாடு சாப்பாடு வேறாக இருந்ததால் நார் அளவிலும் ஏற்ற இறக்கம் நிறைய. அதிகம் சாப்பிட்ட பிரிவினருக்குப் புற்று ஏறக்குறைய கால் பங்கு குறைவு. 2019இல் லான்செட் இதழில் வந்த தொகுப்பு 185 தொடர் ஆய்வுகளையும் 58 பரிசோதனைகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தது. மாரடைப்பு, பக்கவாதம், இரண்டாம் வகை நீரிழிவு, பெருங்குடல் புற்று நான்குமே நார் அதிகம் சாப்பிட்டவர்களிடம் குறைவு. நாளுக்கு 25 முதல் 29 கிராம் வரை நல்ல பலன். உலக சுகாதார நிறுவனம் 2023இல் பெரியவர்களுக்குக் குறைந்தது 25 கிராம் நாரும் 400 கிராம் காய்கனியும் என்று சொன்னதற்குப் பின்னால் இருப்பது இந்த மாதிரி ஆதாரம்தான்.

நார் நிறையச் சாப்பிடுபவர்கள் பொதுவாகவே புகை பிடிக்காமல், நடந்து திரிந்து ஒழுங்காக இருப்பவர்கள் என்ற சந்தேகம் எப்போதும் உண்டு. கணக்கில் அதைக் கழித்துப் பார்ப்பார்கள், முழுசாகக் கழிக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை: சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பருப்பும் பழமுமாக இறங்க வேண்டாம். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். உங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான்.


சந்தேகி
செவ்வாய், இரவு 12.20

சரி, தேடிப் படிச்சேன். ஒண்ணு என்னை அசைச்சிருச்சு, ஒத்துக்கறேன். 2015ல 20 ஆப்பிரிக்க அமெரிக்கர், 20 தென்னாப்பிரிக்கக் கிராமத்தார், ரெண்டே வாரத்துக்குச் சாப்பாட்டை மாத்திக்கிட்டாங்க. அமெரிக்கர்களுக்கு நார் 14 கிராம்லேர்ந்து 55, கொழுப்பு கம்மி. கிராமத்தாருக்கு 66லேர்ந்து 12, கொழுப்பு ஏகம். பெருங்குடல் உள்சுவர்லேர்ந்து கிள்ளி எடுத்துப் பார்த்தா, அழற்சியும் உயிரணு பெருகற வேகமும் அமெரிக்கர்களுக்குக் குறைஞ்சு கிராமத்தாருக்கு ஏறியிருக்கு. பதினாலு நாள்ல!

புற்றே குறைஞ்சதுன்னு இது நிரூபிக்கல, கொழுப்பையும் சேர்த்து மாத்தினதால எது வேலை செஞ்சதுன்னும் பிரிக்க முடியாது. இருந்தாலும் நான் இன்னைக்கு மதியம் சீனக் கடையில "சோறு பாதி, காய் மூணு"ன்னு சொன்னேன். அந்தக் கிழவி என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு மூணு காயும் தாராளமாவே வச்சா. காசு மட்டும் குறைக்கல.


துவாஸ்_தம்பி
செவ்வாய், இரவு 10.37

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு நாளா படிச்சுக்கிட்டு இருக்கேன். எழுதலாமா வேண்டாமான்னு இருந்துச்சு.

நான் புதுக்கோட்டைப் பக்கம். துவாஸ்ல தங்குவிடுதி, ரூம்ல 12 பேரு. கேட்டரிங் சாப்பாடு, மாசம் 140 வெள்ளி பிடிச்சுருவாங்க. காலைக்கும் மத்தியானத்துக்கும் சேத்து விடிகாலை அஞ்சு மணிக்கே பொட்டலம் வந்துரும். எப்ப ஆக்குனாங்கன்னு தெரியாது, ராத்திரியாத்தான் இருக்கணும். அதை சைட்டுல ஒரு கம்பியில மாட்டி வச்சுட்டு வேலைக்குப் போயிருவோம். 12 மணிக்குப் பிரிச்சா சோறு கட்டியா, ஓரத்துல லேசா புளிச்ச வாடை. குழம்பு தண்ணி. காயின்னா முட்டைக்கோசு, அதுவும் மஞ்சத் தண்ணியில நீச்சல் அடிச்சுக்கிட்டு. நீங்க சொல்ற பாதித் தட்டு காய், கால் தட்டு அது இதெல்லாம் தட்டு நம்ம கையில இருந்தாத்தானே அண்ணே. பொட்டலத்துக்கு ஏது பாதி?

நாலு நாளைக்கு ஒருக்காத்தான் வெளிய போறேன். ரத்தம் எல்லாம் இல்ல அக்கா, கஷ்டம் மட்டும்தான். கழிப்பறை சைட்டுல அந்தக் கோடிக்கு இருக்கு, அங்க போயி வர நேரமாகுதுன்னு தண்ணி குடிக்கிறதையும் கொறச்சுட்டேன். என்னை மாதிரி ஆளு என்ன பண்ணலாம்?


வார்டு_ஏழு
செவ்வாய், இரவு 10.59

தம்பி, முதலில் தண்ணீர். இந்த வெயிலில் தண்ணீரைக் குறைத்து வேலை செய்தால் மலச்சிக்கல் மட்டுமில்லை, சிறுநீரகத்துக்கும் கேடு. மேற்பார்வையாளர் முறைத்தாலும் போய்விட்டு வாருங்கள். புளித்த வாடை வந்தால் அந்தச் சோற்றைத் தொடாதீர்கள்.


கீரைக்கட்டு
செவ்வாய், இரவு 11.30

தம்பி, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு என் முதல் பதிவை மறுபடி படித்தேன். தட்டு நம் கையில் இருக்கிறது என்ற நினைப்பில்தான் எழுதியிருக்கிறேன்.

பொட்டலத்தை மாற்ற முடியாது என்றால் அதன் பக்கத்தில் ஒன்று வைக்கலாம். வறுத்த கடலை, வேர்க்கடலை, பச்சைப்பயறு கெடாதவை, விலையும் தாங்கும். கொய்யா 100 கிராமில் 5 கிராம் நார், தோலோடு கடித்துச் சாப்பிடலாம். வாழைப்பழத்தில் அதில் பாதிதான், ஆனால் எங்கும் கிடைக்கும். விடுதியில் சமைக்க இடம் இருக்கிறதா?


துவாஸ்_தம்பி
புதன், இரவு 9.48

பொது அடுப்பு இருக்கு அக்கா, ராத்திரி வரிசையில நிக்கணும். ரூம்ல ஒரு அண்ணன் பயறை ராத்திரி தண்ணி பாட்டில்ல ஊறப்போட்டு, காலையில பழைய பனியன் துணியில கட்டி ஹெல்மெட் மாட்டுற ஆணியில தொங்கவிட்டுட்டுப் போவாரு. சாயங்காலம் வந்து பாத்தா வெள்ளையா முளை எட்டிப் பாக்கும். நாங்க கேலி பண்ணுவோம், புள்ளைக்குத் தொட்டி கட்டியிருக்காருன்னு. நானும் அதையே செய்யலாமா?


கீரைக்கட்டு
புதன், இரவு 10.10

தாராளமாக. இரண்டு விஷயம் மட்டும். பனியன் வேண்டாம், சுத்தமான துணி, தினமும் அலசிக் காய வைத்தது. அப்புறம் பச்சையாகத் தின்னாதீர்கள். முளைகட்டும் அதே ஈரமும் சூடும் கிருமிகளுக்கும் கொண்டாட்டம். வேகவைத்து உப்பு, வெங்காயம், எலுமிச்சை.


காப்பிஓ_கோசோங்
புதன், இரவு 10.25

நான் கட்டுமானத் தளத்துல மேற்பார்வையாளர். இங்க வந்து ஜோக் அடிக்கிறவன், சைட்டுல முறைக்கிறவன், ரெண்டும் நான்தான். எங்க சைட்டுலயும் கழிப்பறை கோடியிலதான். இன்னொண்ணு நடுவுல வைக்கச் சொல்லி இன்னைக்கு எழுதிக் கொடுத்திருக்கேன். வருமா தெரியல.


ஈசூன்_வாசி
இரண்டு வாரம் கழித்து, சனி, மதியம் 3.05

மறுபடி நிறுத்தேன். சோறு 180. பீன்ஸ் பொரியல் 120. கீரைக் கூட்டு 100. சுண்டல் 80. மீன் அதே மீன். என் கணக்குல 13 கிராம் பக்கம் வருது, ஒரே வேளையில. முதல் ஒரு வாரம் சாப்பிட்ட மாதிரியே இல்ல, மூணு மணிக்கெல்லாம் கை பிஸ்கட் டின்னுக்குப் போச்சு. இப்ப பரவால்ல. ஞாயித்துக்கிழமை பரோட்டாவை விடல, பருப்புக் குழம்பை மட்டும் ரெண்டு கிண்ணம் கேட்டு வாங்கறேன். அந்தத் தட்டுல நார் இருக்கிற ஒரே ஆளு அதுதான். சர்க்கரை குறைஞ்சுதான்னு தெரிய இன்னும் ரெண்டு மாசம் ஆகும். தராசைத் திருப்பிக் கொடுத்தாச்சு, வீட்டுல கேக் ஆர்டர் நிக்குது.

துவாஸ் தம்பி, எப்படி இருக்கீங்க?


துவாஸ்_தம்பி
சனி, இரவு 10.20

நல்லாருக்கேன் அண்ணே. இப்ப ஒண்ணுவிட்டு ஒரு நாள் சிரமமில்லாம போறேன். ஆணியில இப்ப நாலு மூட்டை தொங்குது, அஞ்சு பேருக்கு நான்தான் ஊறப்போடுறேன். ஒரு கிலோ பயறு நாலு நாளு தாங்க மாட்டேங்குது. சோறு இன்னைக்கும் புளிச்சுத்தான் வந்துச்சு. நாளைக்கு லீவு, தேக்கா சந்தைக்குப் போயி பயறு வாங்கணும்.


ஈசூன்_வாசி
சனி, இரவு 10.31

எத்தனை மணிக்கு? நானும் வர்றேன். பெரிய பையா வாங்கினா விலை குறையும், தூக்க ரெண்டு ஆள் வேணும்.